பொறுத்தலும் தீர்த்தலும்

கிறித்தவ நெறியிற் பாவம், மனஸ்தாபம், பொறுத்தல் என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்பன. இவற்றைப்பற்றித் தமிழ்நாட்டுச் சைவருள் நெடுங்காலமாக வழங்கிவரும் குறையுரை ஒன்றுண்டு. பாவஞ் செய்தான் ஒருவன் குருவின் செவியில் அதனைச் சொல்லிய அளவானே அது நீங்கிவிடுமாயின், மறுநாள் மீண்டும் அதனைச் செய்தற்குத் தடை யாது என்பதே அது. இதற்கு எதிராகக் கிறித்தவ போதகர் கூறிவந்த குறையுரையும் ஒன்றுண்டு. சைவர்க்குப் பொறுத்தல் என்பதே இல்லை; செய்த வினை செய்தவனை விடாது பற்றும் என்று கூறிவிட்டு, கடலிலும் குளத்திலும் மூழ்கி உடம்பைக் கழுவி உள்ளம் தூய்மையுற்றதாகக் கொள்வர் என்பது அவர் கூற்று. ஒருவர் நெறியில் பொறுத்தல் மிகை என்றும், மற்றவர் நெறியில் அஃது இன்மை என்றும் கூறப்படும் இவ்விரண்டும் ஆராயத்தக்கன.

இவ்வாராய்ச்சிக்குப் புதுவை நகரினும் பொருத்தமான இடம் பிறிதில்லை. அந்நகரின் வடபாலுள்ள முத்தியால்பேட்டை, நெசவுத் தொழிலாற் பெயர்பெற்ற பழைய குடியிருப்பு. அதனையடுத்த கடற்கரையில், வைத்திக்குப்பத்தில், ஆண்டுதோறும் மாசிமகத்தன்று தீர்த்தவாரி நிகழும். மயிலத்து முருகப்பெருமான் முதலாகப் பல ஊர்த் திருமேனிகள் அங்கு எழுந்தருள, அடியார் திரள் கடலாடும். பெரும்பாலான ஆண்டுகளில் இந்நாள் கத்தோலிக்கரின் தவக்காலத்துள்ளேயே அமைதல் நோக்கத்தக்கது. மாசி நிறைமதியில் ஒரு சாரார் கடலாடி நிற்க, அடுத்து வரும் பங்குனி நிறைமதியை ஒட்டிய உயிர்ப்புத் திருநாளை நோக்கி மற்றொரு சாரார் நோன்பிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு அணியமாவர். ஒரே நகரில், ஒரே பருவத்தில், தம் குற்றம் நீங்கவேண்டும் என்னும் ஒரே வேட்கையோடு இருசாரார் வாழ்கின்றனர். ஆயினும் ஒருவர் செய்வதன் பொருள் மற்றவர்க்கு விளங்கவில்லை.

பிறர் கொள்கையை ஆராயுமிடத்துச் சைவர்க்கென ஒரு மரபுண்டு. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தார். பிறர் கொள்கையை அவர் கூறுமாறே கூறிப் பின்னரே அதனை மறுத்தார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும், பெர்சிவல் போதகரோடிருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்துத் தேர்ந்த பின்னரே 1854-ஆம் ஆண்டிற் சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டார். கேள்விச்செய்தி கொண்டு மறுத்தல் அவர்க்கு உடன்பாடன்று. ஆதலின் கிறித்தவர் கொள்கையை அவர் நூல்வழி நின்று முதற்கண் அறிதல் வேண்டும்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் தம் பழைய ஞானோபதேச நூல்களிற் பாவத்தைச் சென்மப் பாவம், கர்மப் பாவம் என இரண்டாகப் பகுத்தனர். முன்னையது ஆதாமின் வழியாக மக்கட்குலம் முழுவதையும் பற்றியது. பின்னையது ஒவ்வொருவரும் தாமே அறிந்து செய்வது. கர்மப் பாவம் சாவான பாவம், அற்பப் பாவம் என மேலும் இருவகைப்படும். கர்மம் என்னும் சொல் நம் நூல்களினின்று எடுக்கப்பட்டது. ஆயினும் பல பிறவித் தொடர்ச்சி என்னும் பொருள் அதனினின்று களையப்பட்டது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறாதலை இரு சாராரும் மறந்தமையே பூசல் பலவற்றுக்கு மூலமாயிற்று.

பாவம் நீங்கும் முறைக்குத் தமிழில் எழுந்த நூலின் பழைமை வியக்கத்தக்கது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்த என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் 1578-இல் கொல்லத்திலும் 1579-இல் கொச்சியிலும் தமிழெழுத்தில் நூல்களை அச்சிட்டார். 1580-இல் அவர் வெளியிட்டது பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையை விளக்கும் நூலாகும். தமிழில் முதன்முதல் அச்சேறிய சில நூல்களுள் ஒன்று குற்றமுணர்தலைப் பற்றியதாயிருத்தல் சிந்திக்கற்பாலது.

அம்முறைதான் யாதெனின், ஐந்து உறுப்புடையது. தன் செயல்களைத் தானே ஆராய்தல் ஆத்தும சோதனை. செய்தவற்றுக்கு உள்ளம் நொந்து வருந்துதல் மனஸ்தாபம். அவ்வருத்தம் நரகத்துக்கு அஞ்சியதாகாமல் இறைவன்பால் வைத்த அன்பினாலே பிறப்பின் அஃது உத்தம மனஸ்தாபம். இனிச் செய்யேன் என்று உறுதிகொள்ளல் பிரதிக்கினை. குருவின்பால் வெளிப்படையாகச் சொல்லுதல் பாவசங்கீர்த்தனம். அவர் விதிக்கும் கழுவாயை நிறைவேற்றுதல் அபராதம் தீர்த்தல். 1551-ஆம் ஆண்டு திரெந்து நகரிற் கூடிய பொதுச்சங்கம், மனஸ்தாபமும் சங்கீர்த்தனமும் தீர்த்தலும் பாவஞ் செய்தவன்பால் இன்றியமையாது வேண்டப்படுவன என வரையறுத்தது. இக்காலத்தார் இச்சடங்கினை ஒப்புரவு அருட்சாதனம் என்பர்.

இவ்வைந்தனுள் சைவர் கண்டது நான்காவது ஒன்றனையே. முன்நின்ற மூன்றும் உள்ளத்துள் நிகழ்வனவாதலின் புறத்தார்க்குப் புலப்படா. பின்நின்ற தீர்த்தலோ பெரும்பாலும் மறைவில் நிகழ்வது. புலப்பட்டது ஒன்றைக் கொண்டு முழுவதையும் எளிதென்றல், தீர்த்தவாரியிற் கடல்நீரை மட்டும் கண்டு சைவரின் உள்ளத்தைக் காணாத போதகரின் பிழையை ஒத்ததேயாம்.

அற்றேல், பாவம் பொறுக்கப்பட்ட பின் தீர்த்தல் வேண்டப்படுவது என்னை எனின், இங்கேதான் அந்நெறியின் நுண்மை உள்ளது. குற்றத்தால் இறைவனோடு உண்டான பிரிவு வேறு. குற்றத்தின் பயனாகிய துன்பம் வேறு. பொறுத்தல் முன்னையதை நீக்கும்; பின்னையது தீர்க்கப்பட வேண்டியதே. இம்மையில் தீராது எஞ்சியதை மறுமையில் தீர்க்கும் இடமாகவே உத்தரிக்கிற ஸ்தலம் என்பதனை ரோம சபையார் கொண்டனர். களவாடியவன், திருப்பிக் கொடுக்கும் ஆற்றலிருந்தும் கொடானாயின், அவன் மனஸ்தாபம் பொய்யேயாதலால் பாவமும் பொறுக்கப்படாது என நான்காம் நூற்றாண்டிற் பிறந்த அகத்தீனர் எழுதினார். அதுவே பின்னர் அச்சபையின் நெறியாயிற்று. லூக்கா எழுதிய சுவிசேடத்தில் வரித்தலைவனாகிய சகேயு, தான் எவரிடத்தேனும் வஞ்சித்துப் பெற்றதுண்டாயின் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகக் கூறியதும் இக்கருத்தே பற்றியதாம்.

இந்நெறி வழுவியதும் உண்டு. பொருள் பெற்றுக்கொண்டு தண்டனைக் குறைப்பு வழங்கிய முறைகேட்டைக் கண்டித்தே செருமனி நாட்டு லூத்தர் 1517-இல் தம் தொண்ணூற்றைந்து கூற்றுக்களை வெளியிட்டார். அடியாரின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. அவர் வழிவந்தோர் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் அபராதம் தீர்த்தலையும் கைவிட்டு, விசுவாசம் ஒன்றனாலேயே பொறுத்தல் கைகூடும் என்றனர். அதனாலும் வேறொரு வகையில் எளிமை புகுந்தது. அவ்வழியிலேயே வந்த போன்ஹோபர் என்னும் போதகர் 1937-இல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதல் இன்றி வழங்கப்படும் பொறுத்தலை மலிந்த அருள் என இகழ்ந்தார். இட்லரின் ஆட்சியை எதிர்த்தமையால் 1945-இல் தூக்கிலிடப்பட்டவர் அவர். எனவே, எளிதிற் பொறுக்கப்படும் என்னும் குறையைச் சைவர் கண்டுபிடித்துக் கூறவேண்டுவதில்லை. கிறித்தவருள் மேலோர் அதனைத் தாமே கண்டு கடிந்தனர்.

இனிச் சைவர்க்குப் பொறுத்தல் இல்லை என்னும் குறையை நோக்குவாம். சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கும். ஈட்டப்பட்டுக் கிடக்கும் சஞ்சிதம் குருவருளால் தீக்கையில் எரிக்கப்படும். உடம்பைத் தந்துநின்ற பிராரத்தம் அவ்வுடம்பு உள்ளளவும் நுகர்ந்து கழிக்கப்படும். இனி ஏறக்கடவதாகிய ஆகாமியம் ஞானத்தின் முன் நில்லாது ஒழியும். எரிக்கப்படுவதும் ஒன்றுண்டு, நுகரப்படுவதும் ஒன்றுண்டு என்று வகுத்த இந்நெறியிற் பொறுத்தல் இல்லை என்பது யாங்ஙனம்? அருள் வினையை வெல்லும். ஆயினும் வினையின் பயன் வீண்போகாது. பிரிவு நீங்கினும் தீர்த்தல் எஞ்சும் என்னும் ரோம சபையின் பகுப்புக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை புறக்கணிக்கத்தக்கதன்று.

இதனை இருநெறிப் பெரியோர் வரலாறுகளால் தெளியலாம். சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனுக்குத் தோழர். திருவொற்றியூரில் மகிழின்கீழ்ச் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்து, திருவாரூர் வேட்கையால் அச்சூள் தவறி எல்லை கடந்தபொழுது இருகண்ணும் இழந்தார். தோழர் என்பதற்காகத் தண்டம் நீங்கிற்றில்லை. தண்டம் வந்ததற்காகத் தோழமையும் நீங்கிற்றில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. வழிநெடுகப் பாடிப் பாடியே அவர் பெற்றார். யூதர் வேதத்துத் தாவீது அரசனோ, உரியா என்னும் வீரனின் மனைவியைக் கவர்ந்து அவனையும் போர்முனையிற் கொல்வித்தான். நாத்தான் என்னும் தீர்க்கதரிசி எடுத்துரைப்ப, தன் பாவத்தை ஒப்பினான். பாவம் நீக்கப்பட்டது என்று உரைத்த அத்தீர்க்கதரிசியே, பிறந்த மகவு இறக்கும் என்றும், வாள் அவன் குடியை விட்டு நீங்காது என்றும் உரைத்தான். இருவர் குற்றமும் ஒரு தன்மையவல்ல. சூள் தவறியதும் கொலையும் ஒக்கும் என்று எவரும் கூறார். ஆயினும் பொறுத்தலும் தண்டமும் ஒருங்கே நிற்கும் என்னும் உண்மை இருவர்பாலும் ஒன்றே.

அங்ஙனமாயின் இருநெறியும் ஒன்றோ எனின், அன்று. வேறுபாடுகள் உண்மையிற் பெரியன. அவற்றை அவை உள்ள இடத்திற் காட்டுதலே முறை.

முதலாவது, மூலம் பற்றியது. கிறித்தவர்க்குப் பாவம் உயிர் தன் இச்சையால் இறைவன் கட்டளையை மீறிய செயல். சைவர்க்குச் செயலின் முன்னரே ஆணவம் உண்டு. அது செம்பிற் களிம்புபோல் அநாதியே உள்ளது. எவரும் செய்து தேடிக்கொண்டதன்று. ஆதலின் கிறித்தவ அடியான் தந்தையை நோகச்செய்த மகனாக நின்று பொறுத்தல் வேண்டுவன். சைவ அடியான் நோயாளனாக நின்று மருந்து வேண்டுவன். புதுவைக்குத் தென்மேற்கே கெடிலக்கரையிலுள்ள திருவதிகையில் திருநாவுக்கரசருக்கு அருளப்பட்டது இவ்வாறே. சமண் சார்ந்து தருமசேனராய் விளங்கிய அவரைச் சூலைநோய் பற்றிற்று. தமக்கையார் திலகவதியாரின் திருவடியை அடைந்து, திருநீறு பெற்று, வீரட்டானத்து இறைவன்முன் வீழ்ந்தார். அவரை ஆட்கொள்ளவே நோய் தரப்பட்டது, தண்டமே அருளாயிற்று.

இரண்டாவது, ஒருவர் பாவத்தை மற்றொருவர் சுமத்தல் பற்றியது. மக்கட்குலத்தின் பாவக்கடனை இயேசு சிலுவையில் தீர்த்தார் என்பது கிறித்தவ நெறியின் நடுநிலைக் கொள்கை. கான்றர்பரி நகரத்து அன்செல்ம் பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் கடனும் ஈடும் என்னும் முறையில் விரித்துரைத்தார். வினை செய்தானையே சாரும் என்னும் சைவர்க்கு இஃது ஏலாது. இதற்கு நஞ்சுண்ட கண்டத்தை ஒப்புமை காட்டுவாருமுளர். ஆலகாலம் பிறர் செய்த பாவமன்று. அதனையுண்டது அடைக்கலம் புகுந்தாரைக் காத்த கருணை. பொருந்தா ஒப்புமையால் இரு நெறிக்கும் கேடே விளையும்.

மூன்றாவது, காலவெல்லை பற்றியது. இதுவே சைவர் எழுப்பத்தக்க வலிய வினா. சாவான பாவத்தோடு மனஸ்தாபமின்றி இறந்தவனுக்குப் பின்னர் வாயில் இல்லை; அவன் நரகம் முடிவில்லாதது என்பது கிறித்தவருள் பெரும்பாலோர் கொண்டது. எழுபது எண்பது ஆண்டு வாழ்ந்தானுக்கும் இளமையில் மாய்ந்தானுக்கும் ஒரே வரையறை வைத்தலும், சில்லாண்டுக் குற்றத்துக்கு எல்லையில்லாத் துன்பம் விதித்தலும் அளவில்லாக் கருணைக்கு ஒக்குமோ? நம் நூல்களில் நரகமும் முடிவுடையது. மலம் பரிபாகம் எய்தும் வரை உடம்பு மீண்டும் மீண்டும் தரப்படும். பல பிறவி உண்டெனின் இப்பிறவியிற் சோம்புவர் என்பர் கிறித்தவர். கால நீட்சி சோம்பலைத் தருமாயின், இறக்குந் தறுவாயிற் சொல்லும் ஒரு சொல்லும் அச்சோம்பலைத் தருமன்றோ? சோம்பல் உயிரின் குற்றம்; கொள்கையின்மேல் ஏற்றத்தக்கதன்று.

கொள்கை இங்ஙனமாக, அதனை மெய்ப்பிக்கும் உரைகல் செயலேயாம். புதுவையில் அவ்வுரைகல் ஒன்று உண்டு. சம்பாக் கோயில் என வழங்கிய கிறித்தவ ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் திருக்கோயில் 1748-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த காலத்தில், இடிக்கப்பட்டது. யேசு சபைக் குருமார் அதனை நெடுநாள் வேண்டிநின்றமையும், ஆளுநர் துய்ப்ளேயின் மனைவியார் அதற்குத் துணையாயினமையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பால் அறியப்படும். பதின்மூன்றாண்டு கழித்து, 1761-இல், ஆங்கிலேயர் நகரை அழித்தபொழுது அக்கிறித்தவ ஆலயமும் அழிந்தது. இதனை வினை விளைந்தது எனக் கூறி மகிழ்தல் சைவர்க்கு அழகன்று. பிறர் வழிபாட்டிடம் பாழானமை கண்டு மகிழ்தலும் ஒரு வினையே.

வினவத்தக்கது வேறு. ஒருவன் செய்த பாவத்துக்கு ஐந்துறுப்புடைய முறை வகுத்த சபை, பலர் கூடிச் செய்த பாவத்துக்கு யாது செய்தது? 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் உரோமையில் போப்பு இரண்டாம் யோவான் பவுல், சபையின் மக்கள் கடந்த காலங்களிற் செய்த குற்றங்கட்காக இறைவனிடம் பொறுத்தல் வேண்டினார். பிற பண்பாடுகளையும் சமயங்களையும் மதியாமையும் அவற்றுள் ஒன்றாக உரைக்கப்பட்டது. உலகறிய ஒரு தலைவர் இங்ஙனம் நின்றமை பெரிது. மனஸ்தாபம் மெய்யென்று கொள்ளத்தக்கது. ஆயினும், சாவான பாவங்களை வகையும் தொகையும் சொல்லியே சங்கீர்த்தனம் செய்தல் வேண்டும் என்பது அவர் சபையின் விதி. புதுவைக் கோயில் போலும் தனிச்செயல்கள் அவ்வேண்டுதலிற் பெயர் சுட்டப்படவில்லை. அவர் வகுத்த அளவுகோலே கொண்டு அளப்பின், முதலுறுப்பு நிறைந்தது, சங்கீர்த்தனம் பாதியில் நின்றது, தீர்த்தல் எஞ்சியுள்ளது.

இவ்வளவில் அமைந்து சைவர் மனநிறைவு கொள்ளின், அளவுகோலைத் தம்மேல் வைத்துப்பாராதார் ஆவர். திருநாவுக்கரசர் வரலாற்றைக் கூறுமிடத்துச் சேக்கிழார் ஒரு செய்தியை ஒளிக்காது கூறினார். சைவந் தழுவிய காடவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொணர்ந்து திருவதிகையிற் குணதரவீச்சரம் எடுத்தான் என்பதே அது. நம்மவர் அதனை வெற்றியாகவே படித்து வந்துளர். வேதபுரீசுவரர் கோயிற்கு வருந்தும் உள்ளம் அப்பள்ளிகட்கு வருந்தாதாயின், அவ்வருத்தம் கோயில்பற்றியதேயன்றி அறம்பற்றியதாகாது. பெரியபுராணத்தைப் போற்றுவார்க்கு இது தாழ்வன்று. அடியார் பெருமையையும் அரசன் செயலையும் வேறுபிரித்து உணர்தல் அந்நூலை நன்கு கற்றலேயாம்.

தீர்த்தல் என்பது பழி ஈடுகட்டும் வணிகமன்று. இடித்த கை கட்டுதலும், மறைத்த வாய் உரைத்தலுமே அது. அதற்கு வழிகாட்டிய செயல்கள் இரு பக்கத்தும் உள. திருவாவடுதுறை ஆதீனத்திற் பயின்ற உ. வே. சாமிநாதையர், சமண காவியமாகிய சீவக சிந்தாமணியைச் சமணர்பாற் சென்று பொருள் கேட்டுத் தெளிந்து 1887-இற் பதிப்பித்தார். கிறித்தவ போதகராகிய ஜி. யு. போப்பு, திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்டார். புதுவையிலேயே, 1955-இல் நிறுவப்பட்ட பிரஞ்சு ஆய்வு நிறுவனம், செல்லரித்து அழியவிருந்த சைவாகமச் சுவடிகளைத் தேடித் தொகுத்தது. புதுவையிலுள்ள சைவச் சுவடித் தொகுதிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. பிரஞ்சு ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிந்த ஊரில், பிரஞ்சு அறிஞர் முயற்சியால் அக்கோயில் வழிபாட்டுக்கு மூலமாகிய ஆகமங்கள் காக்கப்பட்டன. இச்செயல்களைச் செய்தார் எவரும் அபராதம் தீர்ப்பதாக எண்ணிச் செய்திலர். ஆயினும் தீர்த்தல் எவ்வுருவில் நிகழும் என்பதற்கு இவையே சான்று.

ஆகவே, கிறித்தவர் நெறியிற் பொறுத்தல் எளிது என்று இகழ்தலும், சைவர் நெறியிற் பொறுத்தல் இல்லை என்று இகழ்தலும் ஒருங்கே விடற்பாலன. காலவெல்லையும் பிறர் சுமத்தலும் பற்றிய வேறுபாடு நிற்கத்தக்கது. அதனைக் கற்றோர் அன்போடு வழக்கிடுக. இரு நெறிக்கும் பொதுவாவது ஒன்று: இறைவன் பொறுத்தருளினும், செய்தவன் தீர்க்கவேண்டுவது தீர்க்கப்படாது ஒழியாது. கடலாடி எழுந்தவரும், சங்கீர்த்தனம் முடித்து வெளிப்போந்தவரும், தாம் தீர்க்கவேண்டியது யாதென ஆராய்ந்து தம் வீடு புகுவாராயின், அதுவே இருவரும் செய்த வழிபாட்டின் பயனென்று கடைப்பிடிக்க.

திருச்சிற்றம்பலம்.